பேரு போட்டுக்கட்டுமா?

திருத்தணியில் மலைக்குப் போகிற தெருவில், காவடி சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஆறு பிளைவுட் தடுப்பு, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். அங்கே நான் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். நான் படித்தது ஆறாவது வரை. அதற்கு முன்பு லாரியில் கிளீனர், ரேணிகுண்டாவில் ஓட்டலில் மாவரைக்கிற வேலை, அரக்கோணம் பக்கம் செங்கல் சூளை என்று போய்க்கொண்டிருந்தவன். அந்த வருஷம் லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்திருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் சரி என்று படியேறினேன். வருகிறவர்களை ரெஜிஸ்டரில் எழுத வைப்பது, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது, சாயங்காலம் பெருக்குவது என் வேலை. தமிழில் டைப் அடிப்பது அவன் வேலை.

அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி அலைந்து, அலுத்துப்போய் இங்கே உட்கார்ந்திருந்தான். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. காலையில் வந்ததும் ரெஜிஸ்டரில் முதல் ஆளாகத் தன் பேரை, அப்பா பேரை, தெருவை, ஊரை எழுதிக் கையெழுத்துப் போடுவான்.

"வேல பாக்கறவன் எதுக்குடா எழுதற?" என்று கேட்டேன்.

"நானும் உள்ள வந்தவன்தானணா?"

யார் பேரையும் எங்கேயாவது டைப் அடிப்பதற்கு முன்னால், "பேரு போட்டுக்கட்டுமா?" என்று கேட்பான். முகத்தைப் பார்த்துக் கேட்பான். வாயால் "ஆங்" என்று சொல்ல வேண்டும், தலையாட்டினால் கை கீபோர்டுக்குப் போகாது. எங்கள் கடைக்கு அந்தக் குணம் ஒத்துவராது. எங்கள் பிழைப்பே பேர் போடுகிற பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, காவடிக் குழு நோட்டீஸ், அரசியல் பேனர் எல்லாவற்றிலும் மேலே நாலு வரி விஷயம், கீழே நாற்பது பேர்.

ஒரு ஆடி மாசம் பக்கத்துக் கிராமத்துக் காவடிக் குழுத் தலைவர் வந்தார். கையில் விழாக் குழுவினர் என்று முப்பது பேரின் பட்டியல்.

"இவங்களயெல்லாம் கேட்டுகினுதான் எழுதிகினு வந்தீங்களா?" என்றான்.

"சாமி காரியம்ப்பா. சாமி காரியத்துக்கு எவன் வேணாம்னுவான்?"

"சாமியக் கேட்டுட்டீங்கன்னா சாமி பேரு போட்டுக்கறேன். இவங்க பேர இவங்களத்தான கேக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். "இன்னாப்பா இது, மொட்டையடிக்க வந்தவன உன் தலைதானான்னு கேக்கற மாதிரி கேக்கறான்?" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் அரை மணியில் அடித்துக்கொண்டு போனார். வாரம் ஒரு முறை சென்னையிலிருந்து வரும் எங்கள் முதலாளி அன்றைக்கு அவனைத் திட்டியது கீழே காவடிக் கடை வரைக்கும் கேட்டது.

இன்னொரு தரம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வருந்துகிறவர்கள் பட்டியலில் ஒரு பேரை விசாரிக்கிறேன் என்று காயின் பூத்துக்குப் போனான். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். அந்த ஆள் செத்து மூன்று மாசமாகியிருந்தது. "செத்தவரு செத்தவருக்கு அஞ்சலி செலுத்தறாருணா. அங்க நேர்லயே பாத்துப் பேசிக்க மாட்டாங்க?" என்றான். அவன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் ஞாபகம் இருக்கிறது.

ஏன் இப்படி என்று ஒரு முறை கேட்டேன். "உன் சட்டைய நான் கேக்காம எடுத்துப் போட்டுகினு ஊரச் சுத்தினா நீ சும்மா இருப்பியாணா?" என்றான். அவ்வளவுதான். நான் பல பேர் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு திரிந்தவன். அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் ஊர், திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் போய் இறங்குகிற நெசவூர்களில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. ஊருக்குள் நுழைந்தால் பவர்லூம் சத்தம். வீட்டில் முன்பக்கம் தறி, பின்பக்கம் அடுப்பு. கைலி நெய்வார்கள். நூல் அவர்களுடையது இல்லை. நீளவாட்டு நூலைச் சுற்றிய உருளையை முதலாளி கொடுப்பார். அதைப் பாவு என்பார்கள். நெய்து துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலியும் அடுத்த பாவும் கிடைக்கும். பாவு கிடைக்காவிட்டால் தறி இரும்பு. அதனால் அந்த ஊரில் புது ஆளைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்பார்கள். யார் மகன், எந்தத் தெரு, யார் பாவு. இந்த மூன்றையும் சொன்னால்தான் ஆளைச் சொன்னது ஆகும். இது அங்கே மரியாதை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனிடம்கூட அப்படித்தான் சொல்லுவார்கள்.

அந்தக் காலத்தில் காலேஜ் படிக்கிற பையன்கள், வேலை தேடுகிற பையன்கள் எல்லோரும் ஒரே இணையதளத்தில் இருந்தார்கள். அதை இப்போது மூடிவிட்டார்கள். ஒருத்தனுக்கு ஒருத்தன் ஸ்கிராப் என்று துண்டுக் குறிப்பு எழுதிக்கொள்வார்கள், குழு வைத்துக்கொள்வார்கள். எவன் பேரும் உண்மைப் பேர் இல்லை. ராக்கி, லவ்லி ரோஸ், தனிக்காட்டு சிங்கம். போட்டோவில் சினிமா நடிகன். எங்கள் கடையில் மூன்றாவது கம்ப்யூட்டரில் ஒரு தனிக்காட்டு சிங்கம் தினமும் வரும். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அம்மாவின் மகன்.

அவன் அதில் தன் ஊரின் பேரில் ஒரு குழு தொடங்கினான். போட்டோவில் அவன் முகம். பட்டப்பேர் இல்லை, சொந்தப் பேர். ரெஜிஸ்டரில் எழுதுகிற மாதிரியே அப்பா பேர், தெரு.

விஷயம் சாயத் தண்ணீர். ஏரிக்கரை ஓரம் ஒரு சாயப்பட்டறை இருந்தது. நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீரை ஏரியில் விட ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. கீழண்டைத் தெருக் கிணறுகளில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வந்தது. குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் சொறி. பட்டறைக்காரர்தான் ஊரில் அதிக வீட்டுக்குப் பாவு கொடுக்கிற முதலாளி. உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர் கவுன்சிலருக்கு நின்றார். ஜெயித்தால் பேரூராட்சித் தலைவரும் அவர்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

பையன்கள் குழுவில் எழுத ஆரம்பித்தார்கள். ஊரில் இருக்கிறவர்கள், அம்பத்தூரில் வேலை செய்கிறவர்கள், பெங்களூரில் இருக்கிறவர்கள். அதுவரை சினிமா பேசிக்கொண்டிருந்தவர்கள் கிணற்றைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். கடைசியில் ஒரு முடிவு. சந்தை நாளன்று அவர் மைக்கில் பேசுவார். பேசி முடித்ததும் நாம் எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே ஒரு கேள்வி கேட்போம். சாயத் தண்ணியை எப்போது நிறுத்துவீர்கள். அவ்வளவுதான். கோஷம் கிடையாது, கல் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழெட்டு பேர் எங்கள் கடைக்கு வந்தார்கள். அவர்களில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவன் நன்றாகப் பேசுவான். வருகிறவர்கள் எல்லோரும் விவரத்தோடு பேர் எழுத வேண்டும் என்று இவன் சொன்னதும் கண்ணாடிக்காரன்தான் கேட்டான். அந்த ஊரில் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் பாவா என்பார்கள், அப்பாவை நைனா என்பார்கள்.

"எதுக்கு பாவா, நைனா பேரெல்லாம்? நம்ம பேரு போதாதா?"

"நம்மூர்ல உன் பேர்ல எத்தினி பேரு கீறான், சொல்லு."

"நாலு பேரு."

"இனிஷியலு?"

"ரெண்டு பேருக்கு ஒரே இனிஷியலு."

"அப்ப எழுதினது நீதான்னு எப்பிடித் தெரியும்? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நானில்ல, அவன்னு கைய நீட்டிட்டுப் போயிடலாம். இனிஷியல விரிச்சு எழுது. தெருவ எழுது. பயந்துகினு கேக்கற கேள்விக்கு எவன் பதில் சொல்லுவான்?"

"எங்க நைனா பாத்தாரு, தோல உரிச்சித் தறியில மாட்டிடுவாரு."

"உங்க நைனா கம்ப்யூட்டர் பாக்கப் போறாரா?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒவ்வொருத்தனையும் முகத்தைப் பார்த்து, "பேரு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். பெங்களூர்க்காரர்களை பூத்திலிருந்து போன் பண்ணிக் கேட்டான். முப்பத்தேழு பேர் ஆங் என்றார்கள், அவனோடு முப்பத்தெட்டு. எழுதும்போது ஊர் வழக்கம் கையில் வந்துவிட்டது. ஒருவன் முதலில் எழுதினான். இன்னார், இன்னார் மகன், பெரிய தெரு, இன்ன முதலாளி பாவு, நான் வருவேன். அதைப் பார்த்து அடுத்தவன். முப்பத்தெட்டு பேரும் அப்படியே எழுதினார்கள். வெளியூர்க்காரன் ஒருத்தன் பார்த்திருந்தால், எதற்கு இதெல்லாம் என்று கேட்டிருப்பான். நான் வெளியூர்க்காரன். எனக்கும் அதைப் படிக்க அழகாகத்தான் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மனுஷர்கள் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்து மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு பெரியவர் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மலையில் இட்ட விபூதி. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். அதில் அந்தக் குழுவின் பேர் இங்கிலீஷில் இருந்தது.

"எங்கூர்ப் பசங்க ஏதோ நல்லது எழுதிகினு கீறாங்களாமே. பாக்கலாமா தம்பி?"

என்னைத் தம்பி என்று ஒருத்தர் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ரெஜிஸ்டரை நீட்டவில்லை. அந்த வேட்டிக்கு முன்னால் நீட்டக் கை வரவில்லை. பக்கத்தைத் திறந்து காட்டினேன். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, காகிதத்தில் எடுத்துக் கொடு என்றார். எடுத்தேன்.

"இன்னும் கீதா?"

"கீதுங்க. அடுத்த பக்கம் இருக்குது."

அவருக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. நான்தான் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று அழுத்தினேன். ஆறு மாசத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது. கற்றுக்கொண்டதை ஒருத்தருக்குச் செய்து காட்டுகிறோம் என்ற சந்தோஷம். கடைசிக் காகிதம் வந்ததும் ஓரம் தட்டி அடுக்கி ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தேன். "நல்லாயிருப்பா" என்றார். அவன் வந்ததும், உங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து விரும்பிப் படித்தார் என்று சொல்ல நினைத்தேன். அவன் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் சேர்ந்த கூட்டத்தில் மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்த ஊரில் துணி கொடுத்துப் பாவு வாங்குகிற நாள். பட்டறை முதலாளியின் மேஜையில் ஸ்டேப்ளர் போட்ட காகிதம் இருந்தது. ஒவ்வொரு பேர் பக்கத்திலும் பேனாவில் ஒரு டிக். பக்கத்தில் உட்கார்ந்து டிக் போட்டவர் வெள்ளை வேட்டிப் பெரியவர். அவர் அந்த முதலாளியின் கணக்கப்பிள்ளை. பேர்களைத் தேட அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. யார் மகன், எந்தத் தெரு, யார் பாவு என்று பையன்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேறு முதலாளிகளிடம் பாவு வாங்கும் வீடுகளின் பேர்களைத் தனியாக எழுதி அவர்களுக்கும் அனுப்பிவிட்டார். முதலாளிகளுக்குள் எந்தச் சண்டை இருந்தாலும் இதில் கிடையாது.

அன்றைக்கு ஏழு வீட்டுக்கு, "பாவு இல்ல" என்றார்கள். மற்ற வீட்டுக்காரர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. துணி எண்ணும்போது அந்தக் காகிதத்தை அவர்கள் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார்கள். அது போதும்.

மறுநாள் பையன்கள் எங்கள் கடை மாடியில் அடித்துக்கொண்டார்கள். எவன் கொடுத்தான் என்பதுதான் கேள்வி. கண்ணாடிக்காரன் வீட்டுக்குப் பாவு நிற்கவில்லை. அவன் மாமா அந்த முதலாளியிடம் வேலை.

"எங்கூட்டுக்கு நின்னுச்சி. உங்கூட்டுக்கு வருதே, எப்பிடி பாவா?"

"எனக்கு இன்னா தெரியும்? அம்மா மேல சத்தியமா நான் குடுக்கல."

"உங்க மாமன் குடுத்தானா?"

"டேய், மரியாதையா பேசு."

ஒருவன் கையை ஓங்க, கண்ணாடி கழன்று ரெண்டாவது கம்ப்யூட்டருக்கு அடியில் விழுந்தது. கண்ணாடிக்காரன் தரையைத் தடவிக்கொண்டே அழுதான். நான் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். யாரும் கொடுக்க வேண்டியதே இல்லை, அந்தப் பக்கம் யாருக்கும் திறக்கும், திறந்து எடுத்துக் கொடுத்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் இன்னும் நேராக வைக்க வரவில்லை. இந்த வேலையும் போனால் மறுபடி மாவரைக்க நிற்க முடியாது. காரணம் இதுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவனிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"ரெஜிஸ்டர்ல எழுதினாராணா?"

"இல்ல."

"பேரு கேட்டியா?"

"கேக்கல."

"முப்பத்தெட்டு பேரு பேர எடுத்துகினு போனாரு. அவரு பேரு ஒண்ணு நம்மகிட்ட இல்ல" என்றான். அதற்கு மேல் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புதன்கிழமை அவன் அப்பா வந்தார். குள்ளமான மனிதர். காது கொஞ்சம் மந்தம், தறிச் சத்தத்தில் ஆயுசு கழித்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்ப்பா, எம் பேரு இதுல கீதாமே. ரவ காட்டு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பக்கத்தைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டினான். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் மகன் பேர். அடுத்தது அவர் பேர். திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"இது என் பேருதான?"

"ஆங், நைனா."

"ஊர்ல எல்லாரயும் கேட்டுக் கேட்டுப் போடுவியாமே. கல்யாணப் பத்திரிகைக்குக்கூடக் கேப்பியாமே. எம் பேரப் போட்டியே, என்னக் கேட்டியா?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"தறி எம் பேர்ல கீது. பாவு எம் பேர்ல வருது. கரண்டு பில்லு எம் பேர்ல வருது. நாப்பது வருசமா அந்தப் பேரக் காட்டித்தான் நூலு வாங்கறேன். எங்கியோ கொண்டுபோய் வச்சிட்ட."

"உன் பேரு என் இனிஷியலு நைனா. என் பேருதான்னு நினைச்சேன்" என்றான். குரல் சின்னதாக இருந்தது.

முப்பத்தேழு பேரிடமும் கேட்டவன், முப்பத்தெட்டு அப்பாக்களில் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. அது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும்தான்.

அப்பா வந்த காரியம் வேறு. பட்டறை முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். முப்பத்தெட்டு வீட்டோடு மொத்தமாகப் பகை வைக்க அவருக்கும் வழியில்லை, ஓட்டு வேண்டும். பேர்களைப் பையன்கள் போடவில்லை, ஒருத்தன் அவர்களைக் கேட்காமல் போட்டுவிட்டான் என்று அந்த ஒருத்தன் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் பாவு வரும். அந்த ஒருத்தன் வீட்டைத் தவிர. அந்த ஒருத்தன் யார் என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்.

"நான் எழுதச் சொல்லல. வேணாம்னும் சொல்லல" என்றார் அப்பா. எழுந்து படியிறங்கிப் போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அந்த நேரத்துக்கு பஸ் எதுவும் கிடையாது.

அடுத்த இரண்டு நாள் பையன்கள் தனித்தனியாக வந்தார்கள். முன்பு கும்பலாகத்தான் வருவார்கள். ஒவ்வொருத்தனும் பக்கத்தில் ஸ்டூல் இழுத்துப் போட்டுக் குந்தி, கீபோர்டைப் பார்த்துக்கொண்டு ஒரே மாதிரிதான் பேசினான்.

"பாவா, நீயே எழுதிடேன். எங்க நைனா சாப்பிடல."

அவன் முகத்தைப் பார்த்துக் கேட்பான். "உன்னக் கேக்காம உன் பேரப் போட்டுட்டேன்னு எழுதட்டுமா?"

தலையாட்டுவார்கள்.

"வாயில சொல்லு."

"ஆங்."

முப்பத்தேழு பேரிடமும் அப்படிக் கேட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வர முடியாதவர்களுக்கு அதே காயின் பூத். கண்ணாடிக்காரன் கடைசியாக வந்தான். அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆங் என்றான்.

வெள்ளிக்கிழமை டைப் அடித்தான். ஐந்து வரி. இந்தப் பக்கத்தில் உள்ள பேர்களை யாரையும் கேட்காமல் நானே போட்டேன். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கீழே தன் பேர். அப்பா பேருக்குப் பதில் இனிஷியல் மட்டும், ஒரே எழுத்து. அடித்து முடித்தவன் என் பக்கம் திரும்பினான்.

"ணா. பிரிண்ட் எடுத்துக் குடுத்தது நீதான்னு ஒரு வரி சேத்துக்கட்டுமா? கண்ணாடிக்காரன் மேல பழி நிக்குது. அது போயிடும்."

பிரிண்டர் சூடாகிக்கொண்டிருந்தது. கீழே யாரோ அரோகரா போட்டார்கள். நான் என் காலைப் பார்த்தேன்.

"பேரு போட்டுக்கட்டுமாணா?"

"வேணாம்" என்றேன்.

"சரி. போடல" என்றான். மறுபடி கேட்கவில்லை. அந்தக் காகிதத்தையும் நான்தான் பிரிண்ட் எடுத்தேன். அவன் கையெழுத்துப் போட்டான். பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்தோம். முதலாளியின் ஆட்கள் அதைச் சந்தையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினார்கள். அவன் எழுதியதிலேயே ஊர் முழுக்கப் படித்தது அது ஒன்றுதான். அவன் எழுதியதிலேயே பொய்யும் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை எல்லா வீட்டுக்கும் பாவு வந்தது. சந்தை நாளன்று முதலாளி மைக்கில் பேசினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்தார். அந்தப் பட்டியல் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார். அவன் அப்பா தறியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, பக்கத்து ஊரில் வேறொருவர் ஷெட்டில் ஷிப்டுக்கு நின்றார். அவன் ஒரு மாசம் கடைக்கு வந்தான். காவடி நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் அவனைப் பார்த்து, "கேக்காம பேரு போட்டவன் நீதான?" என்று கேட்டார்கள். சிலர் தமாஷாக, சிலர் நிஜமாக. எங்கள் முதலாளி கூப்பிட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டார். போகிற அன்றைக்கும் காலையில் ரெஜிஸ்டரில் எழுதினான். மும்பைப் பக்கம் பிவண்டிக்குத் தறி ஓட்டப் போய்விட்டான் என்றார்கள். கால் சரியான பிறகு நானும் ஒரு லோடுக்கு பிவண்டி போனேன். மூன்று நாள் அங்கே லாரி நின்றது. நம் பக்கத்து ஆட்கள் இருக்கிற சந்துகள் தெரியும். போகவில்லை. அதன் பிறகு அவனைப் பார்க்கவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் கண்ணாடிக்காரனைப் பார்த்தேன். பக்கத்திலேயே அவன் பிளெக்ஸ் பேனர். ஒரு கட்சியின் இளைஞர் அணியில் ஏதோ பொறுப்பு. நடுவில் அவன் கும்பிட்டுக்கொண்டிருக்க, கீழே தபால்தலை மாதிரி இருபது முப்பது முகங்கள், பேரோடு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு டீ வாங்கிக் கொடுத்தான். சாயத் தண்ணீர் எப்படி என்றேன். "அது போய்கினுதான் கீது. பெரியவங்க பேசிகினு கீறாங்க" என்றான். பேனரைக் காட்டி, "இவங்களயெல்லாம் கேட்டுத்தான் போட்டீங்களா?" என்றேன்.

சிரித்தான். "இன்னாணா, நீயும் அவன மாதிரி கேக்கற? அவன் பேச்சு எடுக்காத. கேக்காம எங்க பேர எல்லாம் போட்டு எத்தினி குடும்பம் வயித்துல அடிக்கப் பாத்தான். பழி என் மேல வந்துச்சி. என் கண்ணாடி ஒடஞ்சது உனக்குத் தெரியாதா?"

கண்ணாடி உடையவில்லை. எடுத்துக் கொடுத்தவன் நான். ஆனால் அவன் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கு அப்படியே ஆகிவிட்டிருந்தது. சந்தையில் ஒட்டிய காகிதத்தை எல்லோரும் படித்தார்கள், எழுதச் சொன்னவர்களும் படித்தார்கள், படித்ததை நம்பிவிட்டார்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்தேன். பொன்பாடி செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குப் போகிற லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

இதில் அவன் பேர் இல்லை. அவனைக் கேட்காமல் போட எனக்கு உரிமை இல்லை. என் பேரும் இல்லை. என்னை அவன் கேட்டான்.